ஆக்டேவியா, கோல்ஃப், ஏ3: மூன்றும் ஒரே கார்தானா?

கேள்வி இதுதான்: "ஸ்கோடா ஆக்டேவியா, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஆடி ஏ3 மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றேதான் என்கிறார்கள். அப்படியென்றால் ஆடி வாங்குகிறவர் வெறும் லோகோவுக்குக் காசு கொடுத்து ஏமாறுகிறாரா? இல்லை, ஸ்கோடாவில் மட்டமான பாகங்களைப் போட்டு விற்கிறார்களா?"

இரண்டுமே இல்லை. ஆனால் அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் யாரும் நம்பப் போவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்தெந்தப் பாகம் பொது என்று தெரிந்துகொள்ள விளம்பரத்தைப் படித்துப் பயனில்லை, ஸ்பேர் பார்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். ஆடி, ஸ்கோடா, சியாட் எல்லாம் அடங்கிய ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் ஒரு பாகத்தின் எண் மும்மூன்றாகப் பிரிந்திருக்கும். முதல் மூன்று, அது முதன்முதலில் எந்தக் காருக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். அடுத்த மூன்றில் முதல் இலக்கம் காரின் எந்தப் பகுதி என்பதற்கு: 1 என்றால் இன்ஜின், 3 கியர்பாக்ஸ், 4 முன் அச்சும் ஸ்டீரிங்கும், 6 சக்கரமும் பிரேக்கும், 8 பாடி, 9 மின்சாரம். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆங்கில எழுத்து, அது அந்தப் பாகத்தின் எந்தத் திருத்தம் அல்லது எந்த வகை என்பதைக் காட்டும். 1கே0 என்று தொடங்கினால் ஐந்தாம் தலைமுறை கோல்ஃபுக்காகப் பிறந்தது. 8வி0 என்றால் மூன்றாம் தலைமுறை ஏ3, 5இ0 என்றால் மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா, 5க்யூ0 என்றால் இந்தக் குடும்பத்துக்கே பொதுவாகச் செய்தது. ஆடிக்கு சர்வீஸ் முடிந்ததும் மாற்றிய பாகத்தின் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கோல்ஃபின் எண் அதில் இருந்தால் மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதுதான் சரியான பாகம்.

பிளாட்ஃபார்ம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரே இரும்புத் தளத்தின் மேல் வேறு வேறு கூடுகளைக் கவிழ்ப்பதாகப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஒரு காலத்தில் ஓரளவு அப்படித்தான் இருந்தது. நான்காம் தலைமுறை கோல்ஃப், முதல் ஆக்டேவியா, முதல் ஏ3, முதல் ஆடி டிடி, நியூ பீட்டில் எல்லாம் ஒரே தளத்தில் நின்றவை. 2012ல் ஏ3யோடும் ஏழாம் தலைமுறை கோல்ஃபோடும் வந்த எம்க்யூபி என்ற புது அடித்தள அமைப்பு அப்படிப்பட்டதில்லை. அதில் மாறாமல் இருக்கும் முக்கியமான அளவு ஒன்றே ஒன்று: முன் சக்கரத்தின் மையத்திலிருந்து ஓட்டுநரின் கால் பெடல் வரை உள்ள தூரம். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்), அகலம், முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எல்லாம் இழுத்த இழுப்புக்கு வரும். ஏன் அந்த ஒரு துண்டை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்றால், செலவு வைக்கிற சமாச்சாரம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. இன்ஜின் உட்காரும் இடம், ஸ்டீரிங், பெடல்கள், ஏசி, மோதினால் மடங்க வேண்டிய முன்பக்க இரும்பு, இவையெல்லாம் அந்தச் சில அடிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அதை ஒருமுறை வடிவமைத்துச் சோதித்து முடித்துவிட்டால், பின்னால் எவ்வளவு நீட்டினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அந்த நீட்டலின் பலனைப் பாருங்கள். ஏழாம் தலைமுறை கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர், அதே காலத்து ஏ3 ஸ்போர்ட்பேக்கும் 380தான். ஆக்டேவியா 590. வீல்பேஸும் கோல்ஃபைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் அதிகம், பின்சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு அது தெரியும். மலிவான லோகோ கொண்ட காரில்தான் இடம் அதிகம். ஆக, "ஸ்கோடா என்றால் குறைத்துக் கொடுத்தது" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுவிடுகிறது.

சரி, அப்போது ஆடிக்காரர் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்? பெரும்பாலும் கைக்கும் காதுக்கும். கதவு ரப்பர், தரைக்கு அடியில் ஒட்டிய சத்தம் உறிஞ்சும் பஞ்சு, டாஷ்போர்டின் மேல்தோல், ஸ்விட்சை அழுத்தும்போது கிடைக்கும் அந்தச் சின்னத் தடை. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சரிசெய்தல்: ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் வால்வு, புஷ் ரப்பரின் கடினம், ஸ்டீரிங் மோட்டாருக்கான மென்பொருள். பார்வைக்கு ஒரே உருவில் இருக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் சாலையில் வேறு வேறாக நடந்துகொள்ளும். இதை யாராவது "ஏமாற்று" என்றால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் இந்தச் சரிசெய்தலுக்குத்தான் சோதனை ஓட்டுநர்கள் மாதக்கணக்கில் உட்காருகிறார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. பல நேரம் இரண்டு லோகோக்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரே லோகோவுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரிது. ஏழாம் தலைமுறை கோல்ஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். வலு குறைந்த மாடல்களில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத்தண்டு அச்சு. வலு கூடிய மாடல்களில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் மல்டிலிங்க். பின்பக்கம் வி.டபிள்யூ. என்று ஒரே வட்ட லோகோதான் இரண்டிலும் மின்னுகிறது. "கோல்ஃப் சொகுசா, ஆக்டேவியா சொகுசா" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்தக் கோல்ஃப்?

எங்கே செய்தார்கள் என்பதிலும் இதே குழப்பம்தான். 2011ல் வந்த முதல் ஆடி க்யூ3 ஸ்பெயினின் மார்ட்டோரெலில் இருக்கும் சியாட் தொழிற்சாலையில் தயாரானது. சியாட் அட்டேகா செக் நாட்டில் ஸ்கோடாவின் க்வாசினி ஆலையில். இப்போதைய பாசாட்டும் சூப்பர்பும் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் ஒரே ஆலையில் உருவாகின்றன. "ஜெர்மன் தரம்" என்று மார்தட்டி க்யூ3 வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது ஸ்பெயின்காரர்கள் பூட்டிய கார் என்று தெரியும்? தெரிந்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி மனசு விஷயத்துக்கு வருவோம், உண்மையில் கேள்வியின் சுவையான பாதி இதுதான்.

ஒரே காரை இரண்டு பெயரில் விற்றால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு சோதனையே நடந்திருக்கிறது, சோதனை என்று யாரும் பெயர் வைக்காமலே. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்ட ஆலை ஒன்றை டொயோட்டாவோடு சேர்ந்து 1984ல் மறுபடி திறந்தார்கள், நும்மி என்று பெயர். (இன்று அது டெஸ்லாவின் ஆலை.) அங்கே ஒரே வரிசையில், அதே தொழிலாளர்கள் கையால், டொயோட்டா கொரோலாவும் அதன் இரட்டையான ஜியோ பிரிசமும் இறங்கின. பிரிசம் ஜெனரல் மோட்டார்ஸின் டீலர்களிடம் போனது. உள்ளே இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் டொயோட்டாவுடையவை. இருந்தும் கொரோலா அதிகம் விற்றது, பழைய கார் சந்தையிலும் விலை நின்றது. பிரிசத்துக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருந்தது, மதிப்பும் சீக்கிரம் இறங்கியது.

இதைச் சொல்லி "பார்த்தீர்களா, மக்கள் முட்டாள்கள்" என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாங்குகிறவர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தா வாங்க முடியும்? அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் சின்னக் கார்களோடு பட்ட அனுபவம் பலருக்கும் நல்லதாக இல்லை, டொயோட்டாவோடு பட்டது நல்லதாக இருந்தது. உள்ளே பார்க்க முடியாத பெட்டியை வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் பெயரை நம்புவது நியாயமான கணக்குதான். அதோடு, அடுத்துப் பத்து வருடம் அவர் போய் நிற்கப்போவது அந்தப் பெயரின் சர்வீஸ் சென்டரில். கார் ஒன்றாக இருக்கலாம், அந்த கவுன்டர் ஒன்றில்லை. இது தவிர மறுவிற்பனை விலை என்பதே அடுத்தவர் என்ன நினைப்பார் என்பதன் விலைதான், எனவே "எனக்குத் தெரியும் இரண்டும் ஒன்று" என்று நீங்கள் மட்டும் தெளிவாக இருந்து பயனில்லை, விற்கும் நாளில் வாங்க வருகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மக்களுக்குக் கோபம் வருவது பகிர்வதால் இல்லை, சொல்லாமல் பகிர்வதால். 1977ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபீல் கார்கள் பலவற்றில் தன் இன்னொரு பிராண்டான ஷெவர்லேயின் இன்ஜினைப் போட்டு அனுப்பியது. இரண்டும் 350 கன அங்குல வி8, இரண்டும் நன்றாக ஓடக்கூடியவை. ஆனால் ஓல்ட்ஸ்மொபீலின் "ராக்கெட்" இன்ஜின் 1949லிருந்து பேர்போன ஒன்று, அதற்காகவே அந்தக் காரை வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? ஓல்ட்ஸ்மொபீலுக்கான சாதாரணப் பாகங்கள் அந்த இன்ஜினில் பொருந்தவில்லை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது, நிறுவனம் இழப்பீடு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு அதன் விளம்பரங்களில் "இந்தக் கார்களின் இன்ஜின்கள் ஜெனரல் மோட்டார்ஸின் வெவ்வேறு பிரிவுகளில் தயாரானவை" என்ற பொருளில் ஒரு வரி சின்ன எழுத்தில் ஏறிக்கொண்டது.

இன்னொரு விதமான தோல்வி, பகிர்ந்தது பச்சையாகத் தெரிவது. ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசு பிராண்டான காடிலாக்கில் 1982 மாடலாக வந்த சிமரான் இதற்கு எடுத்துக்காட்டு. ஷெவர்லே கவலியரை எடுத்துத் தோல் சீட், நல்ல முன்கிரில் போட்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில், 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு காடிலாக் என்று நிறுத்தினார்கள். பெரிய வி8 கார்களால் பெயர் எடுத்த லோகோ அது. ஷோரூமுக்கு வந்தவர் கதவையும் கண்ணாடியையும் பார்த்ததுமே இது பக்கத்து வீட்டுக்காரரின் கவலியர் என்று சொல்லிவிட்டார். 1988ல் கதை முடிந்தது. ஜாகுவார் எக்ஸ்-டைப் 2001ல் ஃபோர்டு மாண்டியோவின் தளத்தில் வந்தபோது இவ்வளவு மோசமாக ஒன்றும் செய்யவில்லை, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் கொடுத்தார்கள், ஓட்டவும் நல்ல கார்தான் என்பார்கள். ஆனாலும் "அலங்காரம் செய்த மாண்டியோ" என்ற பேச்சு கடைசிவரை விடவில்லை, எதிர்பார்த்த விற்பனையும் வரவில்லை.

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸ் இதே குழியில் விழுந்து எழுந்தது. 1989ல் எல்எஸ் 400 என்ற பெரிய காரோடு இஎஸ் 250 என்று ஒன்றும் வந்தது, டொயோட்டா கேம்ரிக்கு மெல்லிய போர்வை போர்த்திய கார். அது பெரிதாக எடுபடவில்லை. 1991ல் அடுத்து வந்த இஎஸ் 300க்கும் அடித்தளம் கேம்ரிதான், ஆனால் கண்ணில் படுகிற எதுவும் கேம்ரியை நினைவூட்டவில்லை, சர்வீஸும் தனி. அதற்குள் எல்எஸ் 400 லெக்சஸ் என்ற பெயருக்கு மரியாதை சம்பாதித்து வைத்திருந்தது. அடியில் கேம்ரி என்று தெரிந்தே வாங்கினார்கள்.

இங்கே எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும் ஒன்று, ஆஸ்டன் மார்ட்டின் டிபி7. அதன் பின்விளக்குகள் மஸ்டா 323 எஃப் என்ற சாதாரணக் காருடையவை. லம்போர்கினி டியாப்லோவில் 1999 வாக்கில் முன்விளக்காகப் போட்டது நிசான் 300 இசட்எக்ஸின் விளக்கு. கண்ணுக்கு நேரே தெரிகிற பாகம், அதுவும் இந்த விலைக் காரில். வாங்கியவர் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, இன்றைக்கு ரசிகர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். காரணம் எளிது. அந்தக் காரை அவர்கள் விளக்குக்காக வாங்கவில்லை, உருவத்துக்கும் ஓட்டத்துக்கும் வாங்கினார்கள். ஓல்ட்ஸ்மொபீலில் பிரச்சினை, எதற்காக வாங்கினார்களோ அதையே மாற்றியது.

பாகத்துக்குச் சாதி கிடையாது, அது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் நாம் அதற்குப் பட்டம் கட்டுகிறோம். ஆடியின் இன்ஜின் ஸ்கோடாவில் இருந்தால் "அடேயப்பா, ஆடி இன்ஜின்". அதே இன்ஜின் போர்ஷேயில் இருந்தால் "சே, கோல்ஃப் இன்ஜின்". ஆரம்ப விலை போர்ஷே மக்கானில் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் போட்டிருந்தார்களே, அது கோல்ஃப் ஜிடிஐயிலும் ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலும் இருக்கும் இஏ888 குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பதற வேண்டாம், நல்ல இன்ஜின்.

திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் ஃபைட்டனைவிட நல்ல சாட்சி கிடையாது. 2002ல் வந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் வைத்த ஆலையையே கட்டினார்கள், 12 சிலிண்டர் இன்ஜின் கொடுத்தார்கள். அந்தக் காலத்தின் எந்தப் பெரிய சொகுசுக் காரோடும் ஓட்டிப் பார்க்கக்கூடிய கார். அமெரிக்காவில் 2006லேயே விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது, உலக அளவில் 2016ல் முடிந்தது. அந்தப் பணம் கொடுத்து வி.டபிள்யூ. வட்டத்தோடு வீட்டுக்கு வர யாருக்கும் மனம் வரவில்லை. இத்தனைக்கும் 2003ல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜிடி இதே அடித்தளத்தில் நிற்கும் கார், 12 சிலிண்டர் குடும்பமும் அதே. அது பென்ட்லியின் வாழ்வையே மாற்றிய வெற்றி. டிரெஸ்டன் ஆலையில் பென்ட்லி ஃப்ளையிங் ஸ்பர் கார்கள் சிலவும் பூட்டப்பட்டன. கீழிருந்து மேலே போன பென்ட்லியை யாரும் "ஃபைட்டன்" என்று கேலி செய்யவில்லை, மேலே போக முயன்ற ஃபோக்ஸ்வேகனைத்தான் கண்டுகொள்ளவில்லை.

ஸ்கோடாவின் கதை இதற்கு நேர்மாறு, மெதுவாக ஜெயித்தது. 1991ல் ஃபோக்ஸ்வேகன் அதில் பங்கு வாங்கியபோது பிரிட்டனில் ஸ்கோடா என்பது நகைச்சுவைத் துணுக்கின் பெயர். "ஸ்கோடாவின் பின்கண்ணாடிக்கு ஏன் சூடேற்றும் வசதி? தள்ளும்போது கை குளிராமல் இருக்க" என்பது அவற்றில் ஒன்று. 2000ல் முழுதாக ஃபோக்ஸ்வேகன் கைக்கு வந்தது. கோல்ஃபின் பாகங்களும் இடவசதியும் சேர்ந்து ஆள்களை ஒவ்வொருவராக மாற்றின, டாக்ஸி ஓட்டுகிறவர்கள்தான் முதல் கூட்டம் என்பது என் கணிப்பு. அப்புறம் 2017ல், குழுமத்தின் தொழில்நுட்பத்தை மலிவாக வாங்கிக்கொண்டு குறைந்த கூலியில் கார் செய்து எங்கள் வயிற்றிலேயே அடிக்கிறது என்று ஃபோக்ஸ்வேகனின் தொழிலாளர் தரப்பே ஸ்கோடா மேல் புகார் சொல்லுமளவுக்குப் போனது. பாகம் பகிர்ந்தால் தங்கச்சி அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்காவைவிட அழகாகத் தெரிவதும் நடக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாகம் பொது என்றால் நோயும் பொது. புகைச் சோதனையை மென்பொருளால் ஏமாற்றியதாக 2015 செப்டம்பரில் வெளியான டீசல் மோசடியில் சிக்கிய இஏ189 இன்ஜின் ஃபோக்ஸ்வேகன், ஆடி, ஸ்கோடா, சியாட் என நான்கு லோகோக்களிலும் இருந்தது, உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸில் 7 கியர் உலர் கிளட்ச் வகைக்கு 2013ல் ஆயிலை மாற்றிக் கொடுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். ஆடி அதே வகைக் கியர்பாக்ஸ்களை எஸ் டிரானிக் என்று அழைக்கிறது, பெயர் மாற்றியதால் கிளட்ச் தேய்மானம் மாறிவிடாது. இஏ888இன் ஆரம்பத் தலைமுறைகளில் பிஸ்டன் ரிங் விவகாரத்தால் ஆயில் குடித்த கார்களில் ஆடியும் இருந்தது, அதிலும் நிறையவே. கூடுதல் காசு கொடுத்ததால் ஆடிக்காரருக்கு ஆயில் குறைவாகச் செலவாகவில்லை.

எனவே பழைய கார் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, லோகோவை மறந்துவிட்டு இன்ஜின் குறியீட்டையும் கியர்பாக்ஸ் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஎஸ்ஜியில் டிக்யூ200 என்றால் உலர் கிளட்ச், டிக்யூ250 என்றால் ஆயிலில் மூழ்கிய கிளட்ச், இரண்டுக்கும் பராமரிப்பே வேறு. பிறகு அந்தக் குறியீட்டை வைத்து அண்ணன் தம்பி லோகோக்களின் உரிமையாளர்கள் என்ன புலம்புகிறார்கள் என்று தேடுங்கள். ஏ3 வாங்கப் போகிறவருக்கு உண்மையான தகவல் பெரும்பாலும் ஆக்டேவியாக்காரர்களிடம்தான் கிடைக்கும், அவர்கள்தான் கிலோமீட்டரை ஏற்றியிருப்பார்கள்.

பாகம் வாங்குவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. "எல்லாம் ஒரே கார்தானே" என்ற தைரியத்தில் வேறு லோகோவுக்கான பிரேக் டிஸ்க்கை வாங்கிவந்து, சக்கரத்தைக் கழற்றிய பிறகு பார்த்தால் என் காருக்கு 288 மில்லிமீட்டர், கையில் இருப்பது 312. அன்று மாலைவரை கார் ஜாக்கியிலேயே நின்றது. ஒரே மாடலுக்கே இரண்டு மூன்று பிரேக் அளவு உண்டு, எது என்பதை டிக்கியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள பிஆர் எண்தான், அதாவது அந்தக் காரில் எந்தெந்த வகைப் பாகம் போட்டார்கள் என்பதற்கான குறியீடுதான் சொல்லும். மின்சாரப் பாகங்களில் இன்னும் மோசம்: ரேடியோவோ மீட்டரோ உருவத்தில் பொருந்தினாலும், வேறு காரிலிருந்து எடுத்தது என்று தெரிந்ததும் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறது, அதை விடுவிக்க நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தாக வேண்டும். இரும்பும் ரப்பரும் பொது, மென்பொருள் அவ்வளவு பொது கிடையாது.

என் காசு என்றால் ஆக்டேவியா, அந்த 590 லிட்டருக்காகவே. தினமும் இரண்டு மணி நேரம் தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிற வேலை என்றால் ஏ3 பக்கம் சாய்வேன், கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடங்குகிற அந்த அமைதிக்கு, தெரிந்தே கூடுதலாகக் கொடுத்துவிட்டு.